பதுளைக்கு எத்தனை மைல்?

இலங்கைப் படத்தை மேசைமீது விரித்து, கொழும்பையும் பதுளையையும் ஒரு நூலால் இணைத்துப் பார்ப்பவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. அந்த நூல் வடக்கே சாய்வதில்லை, தெற்கேயும் சாய்வதில்லை. இரு நகரங்களும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 7 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் அமைந்தவை. கொழும்புத் துறைமுகத்தில் நின்று நேர்கிழக்கே நோக்குபவர் பதுளையையே நோக்குகிறார். நூலின் நீளத்தை அளந்தால் அது 83 மைல், அதாவது 133 கிலோமீட்டர். ஆனால், கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறிப் பதுளை நிலையத்தில் இறங்கும் பிரயாணி இருப்புப் பாதையில் கடக்கும் தூரமோ ஏறத்தாழ 180 மைல். அதைக் கடக்க அவருக்கு ஒன்பது மணி முதல் பத்து மணி நேரம் செல்லும். மணிக்கு இருபது மைலைக்கூட எட்டாத அந்த வேகம், நல்ல மிதிவண்டிக்காரர் ஒருவர் சமதரையில் போகும் வேகத்தைவிட அதிகமன்று.

83 எவ்வாறு 180 ஆயிற்று? மலை குறுக்கிட்டது என்று சொல்லிவிடுவது எளிது. மலை குறுக்கிட்டது உண்மையே. எனினும் பாதை எந்த மலையை எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று தீர்மானித்தது மலையன்று, மனிதரே. யாருக்காக அது சுற்றியது, அந்தச் சுற்றுக்கு விலை கொடுத்தவர் யார் என்பவற்றை ஆராயப் புகுந்தால் ஊவா மாகாணத்தின் வரலாற்றில் ஒரு பெரும் பகுதி அதற்குள் அடங்கிவிடுகிறது.

தூரத்தை மைலால் அளக்கும் வழக்கம் ஊவாவுக்குப் புதியது. பழந்தமிழர் கூப்பிடு தூரம் என்றும் காதம் என்றும் வழங்கினர். சிங்கள மக்களிடத்தும் ஒருவன் கூவினால் கேட்கக்கூடிய எல்லையை ஓர் அளவாகக் கொள்ளும் முறை இருந்தது. மலைநாட்டில் இது பொருத்தமான அளவுதான். எதிர்மலையில் நிற்பவன் குரல் காதில் விழும். அவனிடம் போய்ச் சேரப் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏற அரைநாள் ஆகும். வெள்ளையர் வந்து தெருவோரங்களில் மைற்கற்களை நாட்டிய பின்னர், தோட்டத்துத் தமிழர் மைலைக் 'கட்டை' என்றனர். அந்தச் சொல் இலங்கைத் தமிழில் நிலைத்துவிட்டது. கடையும் கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டைக் கணக்கில் அடையாளம் பெற்றன.

ஐரோப்பியர் வருவதற்கு முன்னும், வந்த பின்னும் நெடுங்காலம், ஊவாவுக்குத் தூரமே அரணாக இருந்தது. 1630ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா பெரும் படையுடன் கொழும்பிலிருந்து ஊவாவுக்கு வந்து பதுளையைத் தீக்கிரையாக்கினான். வந்த வழி தெரிந்திருந்தது. திரும்பும் வழி கிடைக்கவில்லை. வெல்லவாயவுக்கு அருகே இரந்தெனிவெல என்னுமிடத்தில் கண்டிப் படை அவனைச் சூழ்ந்துகொண்டது. அவனுடன் வந்த உள்நாட்டுப் படைத்தலைவர்களும் பகைவர் பக்கம் சேர்ந்துவிட்டனர். தளபதி மாண்டான், படையும் அழிந்தது. கொழும்பிலிருந்து உதவி வந்து சேரக்கூடிய தூரம் அன்று அது.

ஆங்கிலேயரும் அதே பாடத்தைப் படித்தனர். கண்டி இராச்சியம் 1815இல் அவர்கள் கைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1817இல், ஊவாவிலும் வெல்லசையிலும் கிளர்ச்சி மூண்டது. பதுளையில் அதிகாரியாக இருந்த வில்சன் என்பவர் வெல்லசைக் காட்டில் அம்பெய்து கொல்லப்பட்டார். அதனை அடக்கச் சென்ற கெப்பெட்டிப்பொலைத் திசாவை கிளர்ச்சிக்காரருடனேயே சேர்ந்துகொண்டார். 1818 முடிவதற்குள் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. ஒடுக்கிய முறையில் வயல்கள் பாழாயின, ஊர்கள் எரிந்தன. அதன்பின் ஆட்சியாளர் கற்றுக்கொண்டது ஒன்றுண்டு. துப்பாக்கியால் பிடித்த நாட்டைத் தெருவால்தான் காக்க முடியும் என்பதே அது. கண்டிக்குத் தெரு வந்தது அவ்வாறுதான். ஊவாவுக்குத் தெரு வந்ததில் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற ஒருவரின் பெயர் முன்நிற்கிறது.

ரொஜர்ஸ் பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் படைத் தலைவராகவும் இருந்தவர். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றவர் என்று அக்காலத்தவர் எழுதிவைத்தனர். கணக்கில் மிகை இருக்கலாம். கொலையில் மிகை இருந்தது என்பதில் ஐயமில்லை. அந்த மனிதரே ஊவாவின் மலைச்சரிவுகளில் தெருக்களை வெட்டுவித்தார். ஆறுகளுக்குப் பாலம் அமைப்பித்தார். 1845 ஜூன் 7ஆம் நாள் அப்புத்தளைக் கணவாயின் வாடிவீட்டில் தங்கியிருந்தபோது, மழை ஓய்ந்துவிட்டதா என்று பார்க்கத் திண்ணைக்கு வந்தவரை இடி வீழ்த்தியது. பதுளையிலுள்ள சென் மார்க் தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. யானைகளின் பழி என்று மக்கள் பேசிக்கொண்டனர். அவர் போட்ட தெருவழியேதான் கோப்பித் துரைமார் பதுளைக்கும் அப்புத்தளைக்கும் வந்து சேர்ந்தனர்.

தெரு வருமுன் ஊவாவின் சரக்குப் போக்குவரத்து பொதிமாட்டுக் கூட்டங்களையே நம்பியிருந்தது. சிங்களத்தில் 'தவலம' எனப்படும் இக்கூட்டங்கள் கடற்கரையிலிருந்து உப்பையும் கருவாட்டையும் மலைக்குக் கொண்டுவந்து, பாக்கையும் நெல்லையும் இறக்கிச் சென்றன. கோப்பி வந்தபோது மாட்டு வண்டி வந்தது. பதுளைப் பக்கத்துக் கோப்பி மூட்டைகளுள் ஒரு பகுதி அப்புத்தளைக் கணவாய் வழியே இரத்தினபுரிக்கு இறங்கி, அங்கிருந்து களுகங்கையில் படகேறிக் களுத்துறைக்குச் சென்றது. மழை பெய்தால் வண்டிச் சக்கரம் அச்சுவரை புதையும். மாட்டுக்கு நோய் கண்டால் மூட்டைகள் தெருவோரத்திலேயே கிடக்கும். கோப்பிக்கொட்டை கொழும்பில் கப்பலேறுவதற்குள் அதன் விலையில் கணிசமான பங்கை வண்டிக்கூலி தின்றுவிடும். இலண்டனுக்குப் போகும் கப்பற்கூலியைவிடப் பதுளையிலிருந்து கடற்கரைக்கு வரும் கூலியே துரைமாரைக் கலங்கச் செய்தது. இருப்புப் பாதைக் கோரிக்கை எழுந்தது இந்தக் கலக்கத்திலிருந்துதான்.

பாதை வருமுன் கோப்பி போய்விட்டது. 1869இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடியாகத் தோன்றிய ஒரு பூஞ்சண நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேயே. தூரத்தை மனிதன் எவ்வளவு சிரமப்பட்டுக் கடந்தானோ, அவ்வளவு எளிதாக அந்த நோய் காற்றில் கடந்தது. பதினைந்து இருபது ஆண்டுகளில் தீவின் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் பயிரிடத் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1890இல் கிளாஸ்கோ வணிகர் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். தேயிலைக்குக் கோப்பியைப்போல் ஒரு பருவத்தில் மட்டும் ஆள் போதாது. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும்; ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். வந்து திரும்பிய கூட்டம் வந்து தங்கும் கூட்டமாக மாறியது.

அந்தக் கூட்டம் கடந்த தூரம் எந்தப் படத்திலும் நூலால் அளக்க முடியாதது. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் என்று பல சீமைகளிலிருந்து புறப்பட்டவர்கள் முதலில் கடற்கரைவரை நடந்தனர். பாக்குநீரிணையை வள்ளத்தில் கடந்தனர். நேர்த்தூரம் சுமார் 20 மைல்தான். காற்று மாறினால் அதுவே நாட்கணக்காயிற்று. மன்னார்க் கரையில் இறங்கியபின் தொடங்கியது வடபாதை. மன்னாரிலிருந்து மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளைவரை ஏறத்தாழ 150 மைல் காடு. குளங்கள் வற்றிய காலத்தில் தண்ணீர் இல்லை. நிறைந்த காலத்தில் காய்ச்சல். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மைல் நடந்தாலும் மாத்தளையை அடையப் பன்னிரண்டு பதின்மூன்று நாள் வேண்டும். குழந்தையைச் சுமந்த தாய் பன்னிரண்டு மைல் நடப்பாளா என்பது வேறு கேள்வி.

மாத்தளையில் வந்து நின்றவர்களுள் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் ஏறத்தாழ வழியை முடித்துவிட்டனர். ஊவாவுக்குப் பேர்பதிந்தவர்களுக்கு அது வழியின் நடுப்பகுதி. இன்னும் நூறு மைலளவு, அதுவும் மேட்டுவழி, மிஞ்சியிருந்தது. கரையோர வெயிலுக்குப் பழகிய உடலில் ஒற்றைத் துணியுடன் நுவரெலியாக் குளிரைக் கடந்து, மறுபக்கம் பதுளைக்கு இறங்கவேண்டும். வாந்திபேதி இந்தக் கூட்டங்களின் கூடவே நடந்தது. அது தங்கள் ஊருக்குள் வரக்கூடாதென்று கிராமத்தார் கதவடைத்தனர். விழுந்தவரைத் தூக்கிச் செல்ல ஆளில்லை. வழிநெடுகக் கிடந்த பிணங்களையும் எலும்புகளையும் பற்றி அக்காலத்து அதிகாரிகளும் பத்திரிகைகளும் எழுதியிருக்கின்றனர். மாண்டவர் தொகை எவ்வளவு என்பது அன்றே சர்ச்சைக்குள்ளான விஷயம். பெயர் எழுதி வைக்கப்படாதவர்களை எண்ணுவது எங்ஙனம்?

நடந்து வந்த அந்த மைல்களுக்கு நடந்தவரே பணம் கொடுக்க நேர்ந்ததுதான் இதில் நெஞ்சை உறுத்துவது. கங்காணி ஊரில் கொடுத்த முன்பணம், வழியில் வாங்கிக் கொடுத்த அரிசி, வள்ளக்கூலி ஆகிய யாவும் கணக்கில் ஏறின. தோட்டத்தில் முதற்கொழுந்தைக் கிள்ளுமுன்பே ஆள் கடனாளி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடபாதை மூடப்பட்டு, தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வரும் வழி வழக்கமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச்சீட்டு முறை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த சிறு தகரத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டால், ஊரிலிருந்து தோட்டம்வரை கையில் காசின்றிப் பயணம் செய்யலாம். வழியில் தொலைந்து போகாமல், சரியான மலைக்குப் போய்ச் சேர அது உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் புகையிரதக் கட்டணம், முகாம் செலவு, சாப்பாடு எல்லாம் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு, தோட்டத்திலிருந்து ஆளின் பற்றுக்கு மாற்றப்பட்டது. இவ்வாறு பார்க்கும்போது, அருகிலுள்ள தோட்டத்துக்குப் போனவனைவிடப் பதுளைக்குப் போனவன் கூடுதலாகக் கடன்பட்டான். தூரம் அவன் முதுகில் வட்டியாக ஏறிற்று. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகக் கடன்கணக்கு எழுதிய 'துண்டு' வேண்டும் என்ற முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிந்தது.

இனி இருப்புப் பாதைக்கு வரலாம். கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் வண்டி ஓடியது. பேராதனையில் கிளைபிரிந்த தண்டவாளம் 1874இல் நாவலப்பிட்டியையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. ஊவா 1886இல் தனி மாகாணமாகப் பிரிக்கப்பட்டது; பதுளை அதன் தலைநகராயிற்று. மாகாணம் வந்தும் வண்டி வரவில்லை. பாதை அப்புத்தளையை எட்டியது 1893இல். பண்டாரவளையை எட்டியது 1894இல். அங்கே அது நின்றுவிட்டது. பண்டாரவளையிலிருந்து பதுளை நேர்கோட்டில் சுமார் 12 மைல். அந்த 12 மைலைக் கடக்க இருப்புப் பாதைக்கு 30 ஆண்டுகள் பிடித்தன. 1924இல்தான் பதுளைக்கு முதல் வண்டி வந்தது.

இந்தப் பாதையின் ஏற்ற இறக்கத்தைச் சற்று நினைத்துப் பார்த்தல் வேண்டும். பதுளை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,200 அடி உயரத்திலுள்ள ஊர். அதை அடையப் புகையிரதம் பட்டிப்பொலைக்கு அருகே 6,226 அடி உயரம்வரை ஏறுகிறது. இரண்டு மடங்குக்கும் மேலாக ஏறிப் பின் அத்தனையையும் இறங்குகிறது. பதுளையை அடைவதே நோக்கமானால் எந்தப் பொறியியலாளரும் இந்த வழியைத் தேர்ந்திருக்கமாட்டார். பாதையின் நோக்கம் பதுளையன்று. அற்றன், தலவாக்கலை, நானுஓயா என்று வழியிலிருந்த தோட்டங்கள். ஒவ்வொரு தொழிற்சாலையின் தேயிலைப் பெட்டியையும் தேடிப் போனதனால்தான் 83 மைல் 180 மைலாயிற்று. தெற்கே களனிப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு சிறிய அகலப் பாதையும் புறப்பட்டது. அது 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் அடைந்து அங்கேயே ஓய்ந்தது. அப்புத்தளைக் கணவாயில் அது ஏறவேயில்லை; 1970களில் அவிசாவளைக்கு அப்பால் அது இருந்த இடமும் இல்லாமற் போயிற்று.

தமிழகத்து நேயர்களுக்கு நீலகிரி வண்டி பழக்கமானது. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் போன அந்தச் சிறு வண்டி, பற்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மலையேறுகிறது. இலங்கை மலைப்பாதையில் பற்சக்கரம் இல்லை, பாதையும் சிறியதன்று. சமவெளியில் ஓடும் அதே ஐந்தரை அடி அகலப் பெருவண்டி, 44 அடிக்கு ஓரடி என்னும் ஏற்றத்தில், நூறு மீற்றர் ஆரமே உள்ள வளைவுகளில் நெளிந்து ஏறுகிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்களில் அது புகுந்து வெளிவருகிறது. வேகம் ஏன் இல்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பட்டிப்பொலையைத் தாண்டிய சுரங்கத்தில் நுழையும்போது மேற்குப் பக்கம் மழையாகவும், வெளிவரும்போது ஊவாப் பக்கம் வெயிலாகவும் இருப்பது பல பிரயாணிகள் கண்ட காட்சி. இரு பருவக்காற்றுகளின் எல்லை அந்த முகடு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாச் சரிவில் வீசும் வறண்ட காற்றே அவ்வூர்த் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிமணம் என்ற பெயரைத் தேடித் தந்தது. அப்புத்தளைக்கு அடுத்த தியத்தலாவையில் இன்னொரு வகைத் தூரத்தின் கதை இருக்கிறது. 1900ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கப் போரில் சிறைப்பட்ட போயர் வீரர் ஆயிரக்கணக்கானோர் கொழும்பில் கப்பலிறக்கப்பட்டு, இதே தண்டவாளத்தில் இங்கே கொண்டுவரப்பட்டுக் கம்பிவேலிக்குள் வைக்கப்பட்டனர். பண்டாரவளையோடு பாதை நின்றுவிட்ட அந்நாளில், நாட்டின் கோடியென்று கருதத்தக்க இடம் அதுவே. நில அளவைக் கலையைக் கற்பிக்கும் அரசாங்க நிறுவனம் பிற்காலத்தில் தியத்தலாவையிலேயே அமைந்தது, தற்செயலாயினும் பொருத்தமானதே.

பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடையிலுள்ள சுமார் 20 மைற் பாதையில் சுமார் 1,800 அடி இறங்கவேண்டும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே ஒன்பது வளைவுப் பாலம், கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக, 300 அடி நீளத்தில் பள்ளத்தாக்கைக் கடந்து நிற்கிறது. தெமோதரையில் பாதை நிலையத்தைக் கடந்து, குன்றைச் சுற்றி வளைந்து, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. இதை எவ்வாறு அமைப்பதென்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா திகைத்து நின்றபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைக் கண்டு வழி பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. ஆவணம் கேட்டால் கதை நிற்காது. ஆயினும், மலையைக் குடைந்தவர் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படாத ஒரு பாதையில், ஒரு தமிழ்க் கங்காணியின் தலைப்பாகையாவது நினைவில் நிற்கிறதே என்று கதையை அவ்வளவில் விட்டுவிடலாம்.

பாதை பதுளைக்கு வந்த பின்னும், மலைமேலுள்ள தோட்டம் மலைமேலேயே இருந்தது. பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை ஆகியவை நிலையத்திலிருந்து தெருவழி. அங்கும் தேயிலைக்கு வழி பிறந்தது. செங்குத்தான தோட்டங்களில் மலைக்கு மலை இரும்புக் கம்பியைக் கட்டி, கொழுந்துச் சாக்குகளை அதில் மாட்டிப் பள்ளத்திலுள்ள தொழிற்சாலைக்கு அனுப்பினர். சாக்கு ஆகாயத்தில் சில நிமிடங்களில் பறந்து போகும். அந்தச் சாக்கை நிரப்பிய பெண் அதே பள்ளத்துக்கு ஒற்றையடிப் பாதையில் கூடையுடன் நடந்து இறங்குவாள். பிரசவ வேதனையில் இருப்பவளைக் கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் கட்டி, நால்வர் தோள்கொடுத்துத் தூக்கிச் செல்லும் வழியும் அதுவே.

மனிதர் பறக்கும் காலமும் வந்தது. கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில் 1935இல் விமானம் இறங்கியது. 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பிக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. இரத்மலானையிலிருந்து வடக்கேயுள்ள அந்த விமானத்தளம் நேர்கோட்டில் சுமார் 205 மைல். டக்கோட்டாவுக்கு ஒன்றரை மணிக்கும் குறைந்த நேரம். சென்னை சுமார் 425 மைல். பறக்கும் நேரம் மூன்று மணியளவு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் பதுளையைவிட இரண்டரை மடங்கு தொலைவு; சென்னை ஐந்து மடங்கு. அப்படியிருந்தும் பணமுள்ளவருக்கு அன்றுமுதல் யாழ்ப்பாணமும் சென்னையும் பதுளையைவிட அருகே வந்துவிட்டன. அதே டக்கோட்டா பதுளைக்குப் பறந்திருந்தால் அரைமணிக்குச் சற்று மேல் ஆகியிருக்கும். சுற்றிலும் மலை எழுந்த பதுளைப் பள்ளத்தாக்கில் அதற்கு இறங்க இடமில்லை.

அந்த 1947ஆம் ஆண்டிலேயே பதுளையிலிருந்து பாராளுமன்றத்துக்கு இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா தெரிவு செய்யப்பட்டார். தோட்டத் தொழிலாளரின் குரல் லயத்திலிருந்து கொழும்புவரை எட்டியது அப்போதுதான். அது எட்டிய வேகத்திலேயே தடுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களிற் பெரும்பாலோரை வாக்கற்றவராக்கின. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இந்த எண்ணிக்கைகளில் எவரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை. கணக்கு முடிந்த பின்னரே விண்ணப்பப் படிவம் வந்தது.

எனவே பதுளைப் பாதையில் இறங்குமுகப் பயணமொன்று தொடங்கிற்று. உடரட்ட மெனிக்கே என்னும் பகல் வண்டி 1956 முதல் அந்தப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு நாட்டின் கடவுச்சீட்டு வந்த குடும்பங்கள் தகரப்பெட்டியும் பாத்திர மூட்டையுமாய்ப் பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் வண்டியேறின. பொல்காவலையில் வடபாதைக்கு மாறி, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி வழியே தலைமன்னார் இறங்குதுறைவரை ஏறத்தாழ 300 மைல். மதவாச்சிக்கும் மன்னாருக்கும் இடையே, நூறாண்டுக்கு முன் பாட்டனார் நடந்த அதே வறண்ட காட்டுக்கு ஊடாகத்தான் அந்தத் தண்டவாளமும் போகிறது. பிளாட்பாரத்தில் வழியனுப்ப வந்தவர்களின் அழுகுரல் வண்டியோசையை மூழ்கடித்தது என்பது மலையகத்தில் பலர் வாயிலாகக் கேட்கக்கூடிய செய்தி. ஒரே குடும்பத்தில் மூத்தவன் இந்தியப் பிரசை, இளையவன் இலங்கைப் பிரசை என்று ஆனதும் உண்டு. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டதால், கப்பல் அவர்களை இராமேசுவரத்தில் இறக்கியது. மண்டபம் முகாமில் பதிவு. அங்கிருந்து சிலர், தமிழக அரசு 1968இல் இவர்களுக்கெனத் தொடங்கிய தேயிலைத் திட்டத்துக்காக நீலகிரிக்கு அனுப்பப்பட்டனர். நமுனுகுலையில் கற்ற கொழுந்துகிள்ளும் தொழிலைக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் செய்தனர். 1980களின் நடுப்பகுதியில் போரினால் கப்பற்சேவை நின்றது. பயணச்சீட்டுக்குக் காத்திருந்தவர்கள் காத்திருந்தபடியே இருந்தனர். இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலை தீரச் சட்டம் வந்தது 2003இல்.

நிலையத்திலிருந்து லயம்வரையுள்ள இறுதிக் கட்டைகளைப் பற்றிப் பெரிய நூல்கள் அதிகம் பேசுவதில்லை. தோட்டத்துத் தபால் தோட்டக் காரியாலயத்தோடு நின்றுவிடுவது மலையகத்தில் வெகுகாலம் நீடித்த வழக்கம். லயத்துக்குத் தெருப்பெயரில்லை, அறைக்கு முகவரியில்லை. இலண்டனிலிருந்து தபால்நிலையம்வரை ஒழுங்காக வந்த கடிதம், கடைசி இரண்டு மைலில் தாமதித்தது. வேலைக்கு நேர்முகப் பரீட்சை அழைப்பைத் தேதி கடந்த பின் பெற்ற இளைஞர்களின் முறைப்பாடுகள் ஏராளம். 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அம்மலை ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை வந்தது, மாறிச் செல்ல வீடு வரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழை பதுளை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. மண்சரிவுகள் மலைநாட்டு இருப்புப் பாதையையும் தெருக்களையும் பல இடங்களில் அறுத்தெறிந்தன.

பாக்குநீரிணைக்கு மேலான வானவழி இதற்கிடையில் மீண்டும் திறந்தது. பலாலி விமானத்தளம் 2019 அக்டோபரில் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாயிற்று; அடுத்த மாதம் சென்னையிலிருந்து விமானம் வந்திறங்கியது. தலைமன்னார் இறங்குதுறைக்கும் 2015 மார்ச்சில் தண்டவாளம் மறுபடி வந்துசேர்ந்தது. எதிர்க்கரைக்குப் போகும் பழைய கப்பல் அதனுடன் வரவில்லை. பசறைத் தோட்டத்திலிருந்து ஒருவர் நீலகிரியிலுள்ள தம் உறவினரின் கலியாணத்துக்குப் போவதாயின், முதல்நாள் மாலையே பதுளைக்கு இறங்கி, இரவு முழுவதும் பிரயாணம் செய்து கொழும்பை அடைவார். அங்கிருந்து கடலைக் கடந்து சென்னைக்கு விமானம் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும்.